மொன்றியல் 2024 ஆண்கள் ப்ரீ ஸ்கேட்: பார்த்த ஆக்கள் எல்லாரும் இஞ்ச வாங்க

வாவிக்கரை (மட்டக்களப்பு), 24 மார்ச் 2024

இன்னும் நெஞ்சு படபடக்குது. மொன்றியலில் உலக பிகர் ஸ்கேட்டிங் (ஐஸில சறுக்கிப் பாய்ஞ்சு ஆடுற போட்டி) சாம்பியன்ஷிப். இலியா மலினின் ப்ரீ ஸ்கேட்டில் (ரெண்டாவதா ஆடுற நீண்ட ஆட்டம்) 227.79, முதல் ஆடின ஷார்ட் எண்ட சின்ன ஆட்டத்தையும் சேர்த்து மொத்தம் 333.76. 2019இல் டூரினில் நடந்த கிராண்ட் பிரிக்ஸ் இறுதியில் நேதன் சென் எடுத்த 224.92தான் இவ்வளவு காலமும் ப்ரீ ஸ்கேட் உலக சாதனை. பத்தொன்பது வயசுப் பொடியன் அதை உடைச்சுப்போட்டான்.

நித்திரையால எழும்ப ஏலாமப் போன ஆக்களுக்கு முடிவைச் சொல்லிவிடுறன். தங்கம் மலினின். வெள்ளி யூமா ககியாமா, 309.65. வெண்கலம் பிரான்ஸின் அடம் சியாவோ ஹிம் ஃபா, 284.39. ஷோமா உனோ 280.85, நாலாமிடம். உனோவைப் பற்றி நான் இப்ப எழுதல்ல, ஆரும் எழுதுங்க.

மலினினைப் பற்றி எனக்கொரு விசயம் சொல்லவேணும். காலைல இருந்து எல்லாரும் "ஆறு குவாட், ஆறு குவாட்" எண்டே எழுதுறீங்க. (குவாட் எண்டா காற்றில நாலு சுற்றுச் சுத்துற பாய்ச்சல், ட்ரிபிள் எண்டா மூண்டு.) ஆறு குவாட்டை நேதன் சென் 2018 பியோங்சாங்கிலேயே போட்டவர். இண்டைக்கு என்னை உலுக்கினது அந்த எண்ணிக்கை இல்லை. குவாட் அக்சல் எண்ட பாய்ச்சலில தொடங்கினான். மறுகா லட்ஸ், லூப், சால்கோ எண்ட மற்றப் பாய்ச்சல் வகைகள், அதுகளும் குவாட். கால் களைச்சுப்போற பாதி நேரத்துக்குப் பிறகு இன்னொரு குவாட் லட்ஸ், அதோட சேர்த்து ட்ரிபிள் ப்ளிப். பிறகு குவாட் டோ லூப். கடைசியில ட்ரிபிள் லட்ஸிலிருந்து இறங்கின காலோட நேரே ட்ரிபிள் அக்சல். ஏழு பாய்ச்சலும் நிண்டுது. நாலு நிமிசத்தில ஒரு இடத்திலயாவது தடுமாறுவான் எண்டு பயந்து பயந்து பார்த்தன், கடைசி மட்டும் தடுமாறவே இல்லை.

மருதமுனை

வாவிக்கரை தங்கச்சி, நீங்க கடைசில இருந்து தொடங்கிட்டீங்க. நான் முதல்ல இருந்து செல்றன். நோன்புச் சஹருக்கு எழும்பி போனத் தொறந்தா அடம் நிக்காரு. ஷார்ட்ல 77.49 எடுத்து 19ஆம் ஆளா வந்த மனிசன். ப்ரீ ஸ்கேட்டுக்கு 24 பேரைத்தான் எடுப்பாங்க, இன்னும் கொஞ்சம் குறைஞ்சிருந்தா பெட்டியைக் கட்டிட்டு ஊருக்குத்தான் போகணும். அப்படிப்பட்டவர் ஐஸ்ல இறங்கி 206.90 எடுத்தாரு. எங்கட வீட்ட சோத்துக் கோப்பை அப்படியே இருக்கு, உம்மா ஏசுறா, நான் போனைப் பாத்துட்டு நிக்கன்.

சுபஹு தொழுதிட்டு வந்து பாக்கன், அவர் இன்னும் முதலாம் இடத்துலதான் இருக்காரு. ஒவ்வொருத்தரா வாறாங்க, போறாங்க, ஆள் கதிரையை விட்டு அசையல்ல. விடிஞ்சு வெளிச்சமும் வந்துட்டு. கடைசிக் குழு வரைக்கும் ரெண்டு பேர்தான் அவரைத் தாண்டினாங்க. 19இல இருந்து 3. ப்ரீ ஸ்கேட் எண்டா என்னெண்டு ஆராச்சும் கேட்டா இந்த மனிசனைக் காட்டுங்க.

ஆரையம்பதி அக்கா

உனோவுக்கு நான் எழுதுறன்.

2022 மொன்பெலியே, 2023 சைத்தாமா, ரெண்டு வருசமும் உலகச் சாம்பியன். இந்த முறையும் ஷார்ட்டில முதலாவது, 107.72. ககியாமா 106.35, மலினின் 105.97. மூண்டு பேருக்கும் இடையில ரெண்டு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. வியாழக்கிழமை அந்த ஷார்ட்டைப் பார்த்திட்டு இந்த முறையும் உனோதான் எண்டு நம்பியிருந்தன். இண்டைக்கு ப்ரீ ஸ்கேட்டில 173.13. மலினினுக்கும் அவருக்கும் நடுவில 54 புள்ளிக்கு மேல.

பாய்ச்சல் தவறுற நேரத்தில கன பேருக்கு முகம் விழுந்திரும், கை சோர்ந்திரும், பாட்டை விட்டிட்டு அடுத்த பாய்ச்சலை எண்ணிக்கொண்டு ஓடுவாங்க. உனோவைத் திரும்பப் போட்டுப் பாருங்க. தவறின பாய்ச்சலுக்கும் அடுத்த பாய்ச்சலுக்கும் இடையில அந்த முழங்கால் மடிப்பைப் பாருங்க, தோள் எப்பிடித் தாளத்தோட போகுது எண்டு பாருங்க. தோத்த நாளிலயும் அந்த மனிசன் பாட்டை விட்டுப்போகல்ல. உலகத்தில முதன்முதல் போட்டியில குவாட் ப்ளிப் இறக்கினவர் அவர், 2016இல. பாய்ச்சல் தெரியாத கலைஞன் எண்டு ஆரும் அவரைச் சொல்லிப்போடாதீங்க.

கல்முனை கடற்கரை

எல்லாரும் கோவிக்கப்படாது. மலினின் வெண்டது சரி. ஆனா 227 எண்டதைப் பாக்கேக்க எனக்குச் சந்தோசம் வரல்ல, பயம் வருது. இந்த விளையாட்டு பாய்ச்சல் கணக்காப் போயிட்டு. அக்சல் இவ்வளவு, லட்ஸ் இவ்வளவு எண்டு கூட்டிப் பார்த்துப் பட்டியல் போட்டா ஆர் வெல்லுவார் எண்டு முன்னாடியே செல்லலாம். ஸ்டெப் சீக்குவன்சுக்கும் (காலடித் தொடர்) சுழற்சிக்கும் எவ்வளவு மினக்கெட்டாலும் ஒரு குவாட் லட்ஸுக்குக் கிட்ட வராது. ஜேசன் பிரவுன் போன்ற ஒருவர் அஞ்சாவதுக்கு மேல வர வழியே இல்லையா? அந்த மனிசனிட அசைவைப் பார்த்துட்டு மத்தவங்களைப் பார்க்க எனக்கு மனம் வராது.

திருக்கோவில் கணக்கு

தம்பி, கணக்கு எண்டு சொன்னதால நான் வாறன். பாய்ச்சல் கணக்கு நீங்க நினைக்கிற மாதிரி இலேசில்லை.

குவாட் அக்சலுக்கு அடிப்படை மதிப்பு 12.50. நடுவர்மார் −5 இருந்து +5 வரை போடுவாங்க, ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பில பத்து வீதம். மிகச் சுத்தமா இறங்கினா 18.75 வரை போகும். விழுந்தா பாதி போகும், 6.25. விழுந்ததுக்கு வேற 1 புள்ளி கழியும். மிச்சம் 5.25. ட்ரிபிள் அக்சலைச் சும்மா ஒழுங்கா இறக்கினாலே 8.00 கிடைக்கும். விளங்குதா? குவாட் அக்சலைப் போட்டு விழுகிறவன், அதை விட்டிட்டு ட்ரிபிள் போட்டவனைவிடக் கீழ போவான். சுற்று குறைஞ்சிருந்தா இன்னும் வெட்டுவாங்க.

இன்னொண்டு. கடைசி மூண்டு பாய்ச்சலுக்குப் பத்து வீதம் கூடுதல். அந்த விதியைப் பயன்படுத்தத்தான் மலினின் தன்ர மூண்டு கூட்டுப் பாய்ச்சலையும் (ஒண்டோட ஒண்டு சேர்த்துப் பாயிறது) பின்னுக்கு வைச்சிருந்தவர். ஆனா அந்த நேரத்தில கால் ஈயம் மாதிரிப் பாரமா இருக்கும். முன்னுக்கு நாலு குவாட் தனியாப் போட்டு முடிச்ச காலால, பின்னுக்கு மூண்டு கூட்டுப் பாய்ச்சல். பட்டியல் எழுதுறது ஆருக்கும் ஏலும், தம்பி.

ஒன்பது நடுவர், கூடினதையும் குறைஞ்சதையும் எடுத்துப்போட்டுச் சராசரி பாக்கிறாங்க. பாய்ச்சலுக்குப் புறம்பா அமைப்பு, வெளிப்பாடு, சறுக்குத் திறன் எண்டு மூண்டுக்குப் பத்துக்குப் பத்து போடுறாங்க. மூண்டிலயும் முழுசா எடுத்தாலும் ஆண்கள் ப்ரீ ஸ்கேட்டில 100க்குக் கிட்டத்தான். பாய்ச்சலுக்கு அப்பிடி ஒரு கூரை இல்லை. நீங்க சொல்லுற குறை அந்த இடத்தில சரி. அதை நான் ஒத்துக்கொள்றன்.

புளியந்தீவு

நான் புதுசு. ஒண்டு கேக்கலாமா? இண்டைக்குக் குருத்தோலை ஞாயிறு, பூசைக்கு வெளிக்கிடேக்க எங்கட தங்கச்சி போனைத் தந்து "இதைப் பாரு" எண்டாள். பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிண்டிட்டன். கோயிலுக்குச் சுணங்கிப் போயிட்டம், அதை விடுவம். இந்த அக்சலை மட்டும் ஏன் இவ்வளவு பெருசாச் சொல்றீங்க? நாலு சுற்று எண்டா எல்லாம் நாலு சுற்றுத்தானே?

வாவிக்கரை

நல்ல கேள்வி தம்பி. மற்ற அஞ்சு பாய்ச்சலும் பின்பக்கமா வழுக்கிக்கொண்டு வந்து எழும்புறது, பின்பக்கமாவே இறங்குறது. அக்சலில மட்டும் முன்பக்கம் பார்த்துக்கொண்டு எழும்பவேணும். இறங்குறது எல்லாத்தையும் போலப் பின்பக்கம்தான். அதால அரைச் சுற்று கூடுது. குவாட் அக்சல் எண்டா நாலரைத் தரம் கிறுகவேணும், அதுவும் ஒரு செக்கனுக்குள்ள.

பாய்ச்சல் வாறதை நீ கண்டுபிடிக்கவும் இது உதவும். ஆள் கொஞ்ச நேரம் பின்பக்கமா வந்து, திடீரெண்டு முன்னுக்குத் திரும்பி, இடது காலை ஊண்டி, வலது முழங்காலை மேல எறியிறான் எண்டா அது அக்சல். திரும்பிப் போட்டுப் பார்.

பெய்ஜிங் 2022இல யூசுரு ஹன்யூ இதுக்குத்தான் உயிரைக் குடுத்தவர். ஷார்ட்டில எட்டாமிடத்தில நிண்டவர், மூண்டாவது ஒலிம்பிக் தங்கம் தூரமாப் போன பிறகும் ப்ரீ ஸ்கேட்டில குவாட் அக்சலைப் போட்டார், விழுந்தார், எழும்பி மிச்சத்தை ஆடி முடிச்சு நாலாவதா வந்தார். அதே வருசம் செப்டம்பரில லேக் பிளாசிட்டில மலினின் அதைச் சுத்தமா இறக்கினான். போட்டியில இறக்கின முதல் ஆள். அந்த வீடியோவை எத்தனை பேர் நம்பாமத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பம்!

படுவான்கரை

இந்த இழையில எழுத எனக்குத் தகுதி இருக்கோ தெரியாது, ஆனா கல்முனைத் தம்பி கலையைப் பற்றிக் கதைச்சதால எழுதுறன். நான் வடமோடிக் கூத்து ஆடின ஆள். எங்கட களரி (ஆடுற இடம்) வட்டம், சுத்திவர நாலு பக்கமும் சனம். ஐஸ் அரங்கமும் அப்பிடித்தான், ஒளிக்க ஒரு மூலை இல்லை. கரப்புடுப்பை (கூத்து உடுப்பு) கட்டிக்கொண்டு வீசாணம் எண்ட ஆட்டம் போட்டு ஆடிப்போட்டு, மூச்சு வாங்குறது வெளியில தெரியாமத் தரு எண்ட கூத்துப் பாட்டுப் பாடவேணும். பாட்டில மூச்சுத் தட்டினா கூத்துப் பழக்கின அண்ணாவியார் மத்தளத்தை அடிச்சுக்கொண்டே ஒரு பார்வை பார்ப்பார். ஆட்டம் வேற, கலை வேற எண்டு எங்களுக்கு ஆரும் பிரிச்சுச் சொல்லித் தரல்ல. பாரமான ஆட்டத்தை ஆடி முடிச்சு முகத்தில ராசாவுக்குரிய களை குறையாம நிக்கிறவனைத்தான் ஊர் கொண்டாடும்.

அதால நான் மலினினிட பாய்ச்சலை எண்ணவே இல்லை. கடைசிப் பாய்ச்சல் முடிஞ்ச பிறகு மிச்சம் இருந்த ஆட்டத்தைப் பார்த்தன். ஓய்ஞ்சுபோன ஆள் அந்த இடத்தில சும்மா கையை வீசிக்கொண்டு திரிவான். இவன் அங்கதான் சனத்தைப் பிடிச்சான்.

கல்முனை கடற்கரை

படுவான்கரை அண்ணன், நீங்க செல்றதைக் கேட்டுட்டுத் திரும்பவும் பார்த்தன். கடைசிப் பகுதி நல்லாத்தான் இருக்கு, மறுக்க ஏலா. ஆனா நடுவில? மூண்டாவது பாய்ச்சலுக்கும் நாலாவதுக்கும் இடைல என்ன செய்றான்? ஓடுறான், எடுக்கிறான், பாய்றான். ககியாமாவை அதே இடத்துல வெச்சுப் பாருங்க. பாய்ச்சலுக்குள்ள போற வழியே ஆட்டமா இருக்கும், இறங்கின கால் அப்படியே அடுத்த அசைவுக்குப் போகும். வாப்பாதான் பயிற்சி, வாப்பாவும் ரெண்டு ஒலிம்பிக் போனவர். கரோலினா கொஸ்னரும் சேர்ந்து பழக்குறா. அந்தக் கை தெரியுது. 203.30 அவருக்குக் குறைவு எண்டுதான் நான் இன்னும் செல்வன்.

வாவிக்கரை

ககியாமாவிட சறுக்கு மலினினைவிட மேல எண்டதில எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. அது மார்க்கிலயும் இன்னும் கூடத் தெரியவேணும். நான் சண்டை பிடிக்கிறது ஒரு இடத்திலதான்: மலினின் செஞ்சதைச் "சும்மா பாய்ச்சல்" எண்டு சொல்லப்படாது. அவன்ர தாய் தத்தியானா மலினினா, தகப்பன் ரோமன் ஸ்கோர்னியாகோவ், ரெண்டு பேரும் உஸ்பெகிஸ்தானுக்காக ஒலிம்பிக் ஆடினவங்க. பிள்ளை பிறந்து வளர்ந்தது அமெரிக்காவில, பயிற்சி தாய் தகப்பனிட்ட. தாங்கள் பாய ஏலாமப்போன பாய்ச்சலைப் பிள்ளை பாய்றதைப் பக்கத்தில நிண்டு பார்க்கிற ரெண்டு பேரை நினைச்சுப் பாருங்க.

மொன்றியல் களுவாஞ்சிகுடி

நான் போட்டி நடந்த பெல் சென்டரில இருந்தன். இப்பதான் வீட்ட வந்து சேர்ந்தன், தொண்டை அடைச்சுப்போச்சு. 2020இலயும் இதே மொன்றியலில, இதே அரங்கத்தில உலகச் சாம்பியன்ஷிப் நடக்க இருந்தது, கொரோனாவில நிப்பாட்டினவங்க. நாலு வருசம் பொறுத்து வந்த போட்டி. இந்த ஊரில அதுக்கு முதல் நடந்தது 1932இல.

ஊர் ஆக்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணும், திரையில உங்களுக்கு வேகம் தெரியாது. கமரா ஆளோட சேர்ந்து போறதால அவர் நிக்கிற மாதிரியும் ஐஸ் ஓடுற மாதிரியும் இருக்கும். நேரில பார்த்தா ஒரு மூலையில இருந்து மற்ற மூலைக்கு ரெண்டு மூண்டு தள்ளில வந்து சேருறாங்க. இது ஐஸ் ஹொக்கி அரங்கம், ஒலிம்பிக் அளவைவிட அகலம் குறைவு. அந்த வேகத்தில வந்து அரங்கத்து ஓரப் பலகைக்குக் கிட்டப் பாயேக்க வயிறு பிசையும்.

மலினின் ஐஸில நிக்கிற நேரம் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் சத்தம் ஏறிக்கொண்டே போச்சு. கடைசியில எனக்குப் பாட்டுக் கேக்கவே இல்லை. பக்கத்தில ஒரு வயசான வெள்ளைக்கார அம்மா, உனோவிட கொடி வைச்சிருந்தவ, எழும்பி நிண்டு கை தட்டினா. அவவுக்கு உனோவை நினைச்சு அழுகையும் வந்துகொண்டு இருந்தது.

மருதமுனை

அடமிட பின்பாய்ச்சலைப் பத்தி ஆருமே கதைக்கல்லையே! ப்ரீ ஸ்கேட்டுக்க நடுவில பின்பக்கமா ஒரு குத்துக்கரணம், ஐஸுக்கு மேல. 1976 ஒலிம்பிக்ல டெரி குபிக்கா செஞ்ச பிறகு தடை போட்டாங்க. 1998 நகானோவில சூர்யா பொனாலி தடை எண்டு தெரிஞ்சே செஞ்சா, ஒத்தைக் காலில இறங்கினா. இந்த வருசம் ஜனவரில ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்ல அடம் செஞ்சு, 2 புள்ளி கழிச்சும் தங்கம் எடுத்தாரு. இண்டைக்கும் 2 கழிச்சாங்க. கழிச்சும் உனோவைவிட 3.54 கூட.

ஆரையம்பதி அக்கா

மருதமுனைத் தம்பி, இதில நான் உங்களோட நிக்கமாட்டன். விதி இருக்கெண்டா விதி. 3.54 எண்டதால தப்பிச்சார். ஒரு புள்ளியில மெடல் போயிருந்தா அவருக்காகத் தலையில அடிச்சு அழுகிறது நாங்கள்தான். புள்ளி குடுக்காத ஒண்டுக்காகப் புள்ளியை ஏன் விடவேணும்?

மருதமுனை

அக்கா, 19ஆம் இடத்தில இருந்து வாற ஆளுக்கு இழக்க என்ன இருக்கு? சனத்துக்காகச் செஞ்சாரு. சூர்யா பொனாலிக்கும் அண்டைக்குச் சனம்தான் கை தட்டினது, நடுவர்மார் இல்லை. கறுப்பினப் பெண், ஆருக்கும் ஏலாத ஒண்டைச் செய்றா, அதுக்குத் தண்டனை. அந்த ஞாபகம் உள்ளவங்களுக்கு அடம் அதைச் செய்யேக்க நெஞ்சு நிறையும். தடையை எடுக்கத்தான் வேணும்.

திருக்கோவில் கணக்கு

இதில மருதமுனையோட நான். ஆபத்து எண்டு தடை போட்டாங்க எண்டா, நாலரைச் சுற்றுப் பாய்ச்சல் ஆபத்தில்லையா? இடுப்பும் கணுக்காலும் அந்தப் பாய்ச்சலில படுகிற பாட்டுக்கு ஆரும் தடை போடல்ல, புள்ளி குடுக்கிறாங்க.

ஆரையம்பதி அக்கா, 9 மே 2024

பழைய இழையை மேல கொண்டுவாறதுக்குக் கோவிக்காதீங்க. உனோ ஓய்வு அறிவிச்சிட்டார். அப்ப மொன்றியல்தான் அவரிட கடைசிப் போட்டி. நாங்க நாலாமிடம் எண்டு எழுதிக்கொண்டு இருந்தது அவரிட கடைசி ப்ரீ ஸ்கேட்.

இண்டைக்குத் திரும்பவும் போட்டுப் பார்த்தன். புள்ளியைப் பார்க்கல்ல.

கல்முனை கடற்கரை

அக்கா, நானும் பார்க்கன். வேலைக்கு இடைல கண்டன், மனசு ஒரு மாதிரிப் போயிட்டு. ரெண்டு ஒலிம்பிக்லயும் தனியாள் மெடல் எடுத்தவர், 2018 வெள்ளி, 2022 வெண்கலம். ஹன்யூவுக்கும் நேதன் சென்னுக்கும் நடுவுல நிண்டதால அவரிட பெயரை ஆரும் முதல்ல செல்லல்ல. எங்களுக்குள்ள நீங்க மட்டும்தான் முதல்ல சென்ன ஆள்.

மருதமுனை, ஜூன் 2024

எல்லாரும் வாங்க, வாங்க! ஐ.எஸ்.யூ. (சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம்) மாநாட்டில பின்பாய்ச்சல் தடையை எடுத்துட்டாங்க. வாற பருவத்தில இருந்து 2 புள்ளி கழிக்கிறது இல்லை. ஆரையம்பதி அக்கா எங்க?

ஆரையம்பதி அக்கா

இஞ்சதான் இருக்கன். விதி மாறினா சரிதான், இனி நானும் கை தட்டுவன். ஆனா பொனாலிக்கு அண்டைக்குக் கழிச்சதை ஆர் திருப்பிக் குடுக்கிறது?

வாவிக்கரை

அடுத்த உலகச் சாம்பியன்ஷிப் பொஸ்டன், 2025 மார்ச். 2026 மிலான் ஒலிம்பிக்குக்கு எந்த நாட்டுக்கு எத்தனை இடம் எண்டு கூடுதலா அங்கதான் முடிவாகும். அதுக்குப் புது இழை நான் திறக்கிறன். மொன்றியல் அண்ணன், பொஸ்டன் உங்களுக்குக் கார் ஓட்டத்தில போற தூரம்தானே, டிக்கட்டை இப்பவே பாருங்க. புளியந்தீவுத் தம்பி, அதுக்குள்ள ஆறு பாய்ச்சலையும் பெயர் சொல்லி அடையாளம் காணப் பழகியிரு. லட்ஸுக்கும் ப்ளிப்புக்கும்தான் கஷ்டப்படுவாய்: எழும்புறதுக்கு முதல் இடது கால் கத்தி வெளிப்பக்கம் சாஞ்சா லட்ஸ், உள்பக்கம் சாஞ்சா ப்ளிப்.